முகவர் அழைத்து வந்த வழக்கறிஞர் யாருடைய வழக்கறிஞர்?

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்க முற்பட்டு, ஓராண்டுக்கும் மேலாக அலைந்து, கடைசியில் வீடு கிடைக்காமல் திரும்பிய குடும்பம் எங்களுடையது. கோலாலம்பூரில் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வீட்டின் விலை 420,000 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் விலை படிந்ததும் வீட்டு முகவர், "ரெண்டு லாயர் எதுக்கு அக்கா, நமக்கு வழக்கமா செய்றவர் ஒருத்தர் இருக்கார், ரெண்டு பக்கமும் அவரே பார்த்துக்குவார், செலவும் மிச்சம்" என்றார். மிச்சம் என்ற சொல்லுக்கு நாங்கள் இணங்கினோம். கட்டணமாக அந்த வழக்கறிஞர் கேட்ட 5,250 ரிங்கிட், 2023 ஜூலை முதல் நடப்பிலுள்ள 1.25 விழுக்காட்டு விகிதப்படி சரியான தொகைதான் என்பதால் ஐயம் எதுவும் எழவில்லை. முன்பணம் 42,000 ரிங்கிட்டில், விற்பவரின் சொத்து ஆதாய வரிக்காகப் பிடித்து வைக்க வேண்டிய 3 விழுக்காடான 12,600 ரிங்கிட்டை அவர் தம் நிறுவனக் கணக்கில் வைத்துக்கொண்டார்; மீதி 29,400 ரிங்கிட் கையெழுத்திட்ட அன்றே விற்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

அது குத்தகை நிலத்தில் கட்டப்பட்ட வீடு. கூட்டரசுப் பிரதேச நிலச் செயற்குழுவின் அனுமதியின்றிப் பெயர் மாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு அதன் நிலப்பட்டாவிலேயே அச்சிடப்பட்டிருந்தது. எங்கள் ஒப்பந்தப்படி, மீதிப் பணத்தைச் செலுத்துவதற்கான மூன்று மாதக் கெடு அந்த அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். எனவே அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றால் கெடுவும் தொடங்காது, ஒப்பந்தமும் நகராது, கொடுத்த பணம் மட்டும் கொடுத்தபடியே கிடக்கும். மாதந்தோறும் நான் வழக்கறிஞர் அலுவலகத்தை அழைத்தேன். "நில அலுவலகத்தில் தாமதம்" என்ற ஒரே பதிலைத்தான் ஏழு மாதங்களும் கேட்டேன்.

உண்மை வெளிவந்தது வங்கிக் கடன் ஆவணங்களைத் தயாரித்த மற்றொரு வழக்கறிஞர் வழியாகத்தான். செப்டம்பரில் அவர் நிலப்பதிவைத் தேடிப் பார்த்துவிட்டு என்னை அழைத்து, "அம்மா, உங்கள் தரப்பு வழக்கறிஞர் யார்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை வாசிக்கச் சொன்னார். அந்த நிறுவனம் விற்பவருக்காகச் செயல்படுகிறது என்றும், வாங்குபவர் தமக்கென வழக்கறிஞர் அமர்த்தவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது. கட்டணம் கட்டியவள் நான். காகிதத்தின்படி எனக்கு வழக்கறிஞரே இல்லை.

அனுமதிக்கான விண்ணப்பம் அதுவரை கொடுக்கப்படவே இல்லை. அதைவிடப் பெரிய அடி, விற்பவருக்குக் கடன் கொடுத்திருந்த ஒருவர் ஜூலையிலேயே அந்த வீட்டின்மீது பெயர்மாற்றத்தைத் தடுக்கும் பதிவான கேவியட்டைப் பதிந்திருந்தது. தேசிய நிலச் சட்டப்படி 19பி பாரத்தில் பதியப்படும் தனியார் கேவியட் ஆறாண்டுகள் வரை நடப்பில் இருக்கக்கூடும். அது நீங்காமல் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்ய இயலாது. வாங்குபவரும் ஒப்பந்தம் கையெழுத்தான உடனேயே அதே கேவியட்டைப் பதியலாம் என்பதும், எங்கள் சார்பில் பிப்ரவரியிலேயே அது பதியப்பட்டிருந்தால் கடன் கொடுத்தவர் பதிவைத் தேடும்போதே எங்கள் பெயர் அவர் கண்ணில் பட்டிருக்கும் என்பதும், பிறகு பிரிக்பீல்ட்ஸில் நாங்களாகத் தேடி அமர்த்திய வழக்கறிஞர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வங்கியின் கடன் ஒப்புதல் காலாவதியானது. 2025 ஏப்ரலில் இரு தரப்பும் ஒப்பந்தத்தை ரத்து செய்தோம். விற்பவர்மீது எனக்குக் கோபமில்லை. கடனில் மூழ்கியிருந்த மனிதர், மூன்று தவணைகளில் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வழக்கறிஞர் வைத்திருந்த 12,600 ரிங்கிட்டோ, வழக்கறிஞர்கள்மீதான புகார்களை விசாரிக்கும் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுக்கப்போவதாக எங்கள் புதிய வழக்கறிஞர் கடிதம் எழுதிய பின்னரே வந்தது.

வீடு வாங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முகவர் சொல்லும் வழக்கறிஞரை ஏற்பதற்கு முன், அந்த வழக்கறிஞர் உங்களுக்காக மட்டுமே செயல்படுவார் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் தொழில் நடத்த உரிமை உள்ளவரா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். நிலப்பட்டாவின் நகலைக் கேட்டு, கட்டுப்பாடு என்ற பகுதியை நீங்களே வாசியுங்கள். கையெழுத்திட்ட சில நாள்களில் கேவியட் பதிந்த ரசீதையும், அனுமதிக்கு விண்ணப்பித்த கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். "செய்துகொண்டிருக்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

கட்டணமாகக் கொடுத்த 5,250 ரிங்கிட் இன்னும் திரும்பவில்லை. அதன் ரசீதையும் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் இணைத்து, ஒழுங்கு வாரியத்திடம் புகார் கொடுத்துவிட்டேன்.