கிரெக் ஆல்மனின் கடைசி இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்கள்: எதை முதலில் கேட்பது?

கிரெக் பாடிய அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் 1971 ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரிப் பதிவில் ‘விப்பிங் போஸ்ட்’ 23 நிமிடம் ஓடும். அந்த மாதிரி கிட்டார் வெள்ளத்தை எதிர்பார்த்து இந்த இரண்டையும் வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டிலும் குரல்தான் முன்னால் நிற்கிறது.

‘லோ கன்ட்ரி புளூஸ்’ (2011) தயாரிப்பாளர் டி போன் பர்னெட் கூட்டிய ஸ்டுடியோக் கலைஞர்களோடு செய்தது. பியானோவில் டாக்டர் ஜான். 12 பாட்டில் 11 பழையவை. ‘ஜஸ்ட் அனதர் ரைடர்’ மட்டும் கிரெக்கும் அதே பேண்டின் கிட்டாரிஸ்ட் வாரன் ஹெய்ன்ஸும் எழுதியது. பேஸ் இதில் மின்சாரக் கருவி இல்லை, நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் பெரிய மரப் பேஸ். போன் ஸ்பீக்கரில் அது அப்படியே காணாமல் போய், முதல் பாட்டான ‘ஃப்ளோட்டிங் பிரிட்ஜ்’ எலும்புக்கூடாக ஒலிக்கும். ஹெட்போன் கட்டாயம். ஒரு குறை: எல்லாப் பாட்டின் மேலும் ஒரே புழுதி நிறம் படிந்திருக்கிறது. பிராஸ் வாத்தியங்கள் சேரும் ‘பிளைண்ட் மேன்’ வரும்போதுதான் ஜன்னல் திறக்கிறது.

‘சதர்ன் பிளட்’ (2017) வேறு ரகம். கல்லீரல் புற்றுநோயோடு இருந்த நாட்களில், தன்னோடு ஊர் ஊராகச் சுற்றிய சொந்தக் குழுவை அழைத்துப்போய் அலபாமாவின் மசில் ஷோல்ஸில், ஃபேம் ஸ்டுடியோவில் பதிவு செய்தார். அண்ணன் டுவேன் 1960களின் இறுதியில் மற்றவர்களின் பாட்டுக்கு கிட்டார் வாசித்துக் கொடுத்த இடம் அது. தயாரிப்பு டான் வாஸ். பழைய கர்ஜனை போய்விட்டது. அதற்குப் பதில் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் போடுகிறார், வரி முடிவில் மூச்சு கேட்கிறது. டான் வாஸ் அதை மறைக்கவில்லை, அதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய பலம். ‘மை ஒன்லி ட்ரூ ஃப்ரெண்ட்’, ‘பிளாக் மடி ரிவர்’ இரண்டும் அப்படியே நெஞ்சில் உட்காரும். ‘ஐ லவ் தி லைஃப் ஐ லிவ்’ சுமார்.

இதையே முதலில் வாங்குங்கள். ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசைப்படி கேளுங்கள், ஏனென்றால் பத்தாவது பாட்டு கடைசியில்தான் வரவேண்டும். இறந்துபோன நண்பனைப் பற்றி ஜாக்சன் பிரவுன் எழுதிய ‘சாங் ஃபார் ஆடம்’ அது; பின்னணிக் குரலும் பிரவுனுடையதே. பாட்டின் நடுவிலேயே பாடுவதை நிறுத்திவிட்டவனைச் சொல்லும் வரி வந்ததும் கிரெக்கின் தொண்டை அடைத்துக்கொண்டது, அடுத்த வரிகளை அவரால் பாட முடியவில்லை. 1971இல் 24 வயதில் போன டுவேன்தான் நினைவுக்கு வந்திருக்கிறார். கிரெக் 2017 மே 27 அன்று காலமானார். ஆல்பம் செப்டம்பரில் வந்தது. அந்த வரிகள் இருக்கவேண்டிய இடத்தில் வாத்தியங்கள் மட்டும் ஓடுகின்றன.