விடியற்காலையில் இல்லாத மழையைக் காட்டிய செயலி

ஏற்காட்டில் காப்பியைக் களத்தில் உலர்த்துகிறவர்களுக்குத் தை மாதத் தூறல் ஒன்றே பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும் என்பதால், ரேடார் படத்தைக் கொண்டு மழையை முன்கூட்டிச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, சென்ற பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து நகர்ந்து வந்த மழையை அது நேரத்தோடு சொன்னது. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, தெளிந்த வானத்தில் வந்தது. ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சேர்வராயன் மலைமேல் சிவப்பு நிறத்தைக் காட்டிக் கனமழை என்று அறிவித்தது. வெளியே நட்சத்திரங்கள் தெரிந்தும், செயலியை நம்பி வேலையாட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழரை மணிக்குள் அந்தச் சிவப்பு இருந்த இடத்திலேயே மங்கி மறைந்துவிட்டது. பகலெல்லாம் நல்ல வெயில். மாலையில் தார்ப்பாயை விலக்கிக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது, கொட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. புளித்த வாடை வந்தது.

ரேடார் அனுப்பும் அலை எதிலோ பட்டுத் திரும்பிவரும் இத்தகைய எதிரொலிகள் புதியவை அல்ல. 1940களில், வெறும் வானத்திலிருந்து திரும்பிவந்த இவற்றுக்கு ரேடார் இயக்குநர்கள் ‘தேவதைகள்’ என்றே பெயரிட்டார்கள். பறவையும் பூச்சியும் ஒரு காரணம், காற்றின் ஈரமும் வெப்பமும் திடீரென மாறும் அடுக்குகள் இன்னொரு காரணம் என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. மலைப்பகுதிக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. வானிலை ரேடார் உள்ள காரைக்காலிலிருந்து சேலம் நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு ரேடாரிலிருந்து அரை டிகிரி கோணத்தில் கிளம்பும் அலை, இங்கு வரும்போது சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் மலையைத் தாண்டிப் போய்விட வேண்டும். தரையொட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும் இரவுகளில் அந்த அலை கீழ்நோக்கி வளைந்து, மலையிலேயே மோதித் திரும்பக்கூடும். வெயில் ஏறினால் அந்த நிலை கலைந்துவிடும்.

மழை காற்றோடு நகரும், மலை நகராது. கடைசி ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது. ஆனால் அது மூன்று பட்டியல்களுக்கு உள்ளே ஒளிந்துகிடக்கிறது. அதை முகப்புக்குக் கொண்டுவந்து, நகராத எதிரொலிக்கு மழை என்று பெயர் சூட்டாமல் இருந்தால், இவ்வாண்டும் தயங்காமல் சந்தா கட்டுவேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.