பள்ளிக்கூடச் சாமான்: பெங்களூருக்கு ஒரே நாளா, பழையபேட்டைக்குப் பல சாயங்காலமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் உள்ளூர்க் கட்சி. மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் இரண்டாம் வகுப்பு, இருவரும் தனியார் பள்ளி. முன்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிருஷ்ணகிரியில் கிளம்பி, பெங்களூரில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இரவு வந்து சேருவோம். இப்போது அதே வேலையை மே மாதம் முழுக்கப் பரப்பிவிட்டு, ஆபீஸ் முடிந்து வந்த பிறகு எங்கள் ஊர்க் கடைத்தெருவான பழையபேட்டையிலும் ரவுண்டானா பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோம். நடுவில் ஆன்லைனும் உண்டு. காசு எதில் மிச்சம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், நான் பார்க்கப் போவது எதில் உடம்பும் மனசும் மிச்சம் என்பதை.

அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைப்பவர்களுக்கு இந்த அலைச்சலில் பாதி இல்லை. பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி எல்லாம் அரசே கொடுத்துவிடுகிறது, எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சீருடையே நாலு செட். என் நாத்தனார் வீட்டில் மே மாதக் கடைசியில் எல்லாரும் நிம்மதியாக மாம்பழம் நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

விலையை ஒரு பேச்சுக்குப் பார்த்துவிடலாம். பெங்களூர் சிக்பேட்டையில் துணியும், அவென்யூ ரோட்டில் நோட்டும் மொத்தமாக எடுத்தால் மலிவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நோட்டு, பென்சில், ரப்பர், கலர் பென்சிலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியே கிடையாது, அது இரண்டு ஊருக்கும் பொதுவான லாபம். இரண்டு பிள்ளைக்கு வாங்குகிற அளவில் மிச்சமாகிற மீதி, நாலு பேர் பஸ் சார்ஜிலும் மத்தியானச் சாப்பாட்டிலும் கரைந்துவிடும். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டியில் போய் டஜன் கணக்கில் எடுத்தால் அது வேறு கதை.

பெங்களூருக்கு உரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ரோடு நல்ல ரோடு. அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு நெரிசலில்தான் பாதி உயிர் போகும். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு பொம்மசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கி மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் சிக்பேட்டை ஸ்டேஷனிலேயே போய் இறங்கிவிடலாம். அந்த வழியில் பிள்ளைகளோடு, கை நிறையப் பையோடு நான் இன்னும் போனதில்லை, அதனால் போகிற அலுப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். வகைக்கும் அங்கே குறைவில்லை. ஒரே நாளில் முடிந்தது என்கிற திருப்தியும் உண்டு, அடுத்த வாரம் முழுக்க மண்டையில் லிஸ்ட் ஓடாது.

ஓடாது என்றுதான் நினைப்போம். எல்லாம் சரியாக அமைந்தால்தானே?

என் முடிவே இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: வாங்கியதை மாற்றுவது. பள்ளிக்கூடச் சாமானில் நோட்டு மாறாது, டப்பா மாறாது. ஷூவும் உடுப்பும் மாறும். அவை ஏன் தப்பாக அமைகின்றன என்று யோசித்தால் கடைசியில் களைப்பில்தான் வந்து நிற்கும். விடியற்காலையில் எழுப்பிவிட்ட பிள்ளை சாயங்காலம் நாலு மணிக்கு ஷூ கடையில் உட்கார்ந்திருக்கிறான். கடைக்காரர் ஷூவை மாட்டி, முன்பக்கத்தை அழுத்திப் பார்த்து "சரியா இருக்கா தம்பி?" என்கிறார். அவன் "இருக்கு" என்கிறான். அடுத்த சைஸ் போட்டாலும் "இருக்கு". முந்தின சைஸைத் திரும்பப் போட்டாலும் "இருக்கு". அவனுக்கு அந்த ஸ்டூலை விட்டு எழுந்தால் போதும். நமக்கும் அதே நிலைமைதான், ஒரு நாளில் அத்தனை விஷயத்தை முடிவு செய்த மூளை, எழுபதாவது கேள்விக்கு "எதையாவது கட்டிக் கொடுங்க" என்றுதான் சொல்லும். வீட்டுக்கு வந்து மறுநாள் போட்டுப் பார்த்தால் குதிகால் கழன்று வருகிறது, அல்லது விரல் மடங்குகிறது. மாற்றக் கடைக்காரர் தயார்தான், கடைதான் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவுக்காக யார் போவது? பஞ்சு வைத்து ஓட்டுவோம், இல்லையென்றால் உள்ளூரில் இன்னொரு ஜோடி வாங்குவோம். மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று.

பழையபேட்டைக் கடையில் வாங்கும்போது இந்தப் பயமே இல்லை. நாங்கள் வழக்கமாகப் போகிற ஷூ கடைக்காரர், பணம் வாங்கும்போதே சொல்லி அனுப்புவார்: "வீட்டுல பாய் மேல நடக்க விட்டுப் பாருங்க அக்கா, ரோட்டுல போட்டுட்டு வந்தா நான் எடுக்க முடியாது." அப்படியே செய்வோம். பள்ளிக்குப் போடுகிற அதே சாக்ஸை மாட்டி, பாயில் கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, நீளமான விரலுக்கு முன்னால் நம் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது. சரியில்லையா, மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், பையனை இழுத்துக்கொண்டு போகக்கூட வேண்டாம். நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலத்தில் லேசாக வீங்கியிருக்கும் என்பதால் ஷூ அளவு பார்க்க அந்த நேரம்தான் நல்லது, வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் தோது.

இன்னொரு சங்கதியும் இதில் அடங்கியிருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால் கடையில் நிற்கும்போதே பதற்றம் பாதி குறைந்துவிடும். "இன்றைக்கே சரியாக எடுத்தாகவேண்டும்" என்கிற நெருக்கடியில்தான் பிள்ளை மேல் எரிந்து விழுகிறோம், வீட்டுக்காரரோடு நடுக்கடையில் முறைத்துக்கொள்கிறோம்.

உடுப்பும் அப்படியே. பள்ளி சொன்ன துணியை எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதானால் மே முதல் வாரம் கொடுத்துவிடவேண்டும், ஜூன் நெருங்க நெருங்க அவர் முகத்தைக் கொடுத்துப் பேசமாட்டார். மகள் சட்டென்று உயரம் போடுகிற வயசு, அதனால் பாவாடைக்கு அடியில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லிவிடுவேன், வருஷ நடுவில் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ரெடிமேடில் பெரும்பாலும் இந்த உள்மடிப்பு இருக்காது. தோள் தொங்கினால், இடுப்பு இறுகினால் நடந்துபோய்க் காட்டுகிற தூரத்தில் தையல்காரர் இருப்பது பெரிய விஷயம்.

உள்ளூரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நாலு கோடு நோட்டு இருக்கும் கடையில் கட்டம் போட்டது தீர்ந்திருக்கும், மகளுக்குப் பிடித்த நிறத்தில் பை இருக்காது. நாளுக்கு ஒன்றாக இழுப்பதால் மே மாதம் முழுக்க லிஸ்ட் ஃபிரிட்ஜ் கதவிலேயே தொங்கும், அது சிலருக்கு எரிச்சல். நான் செய்வது, ஒரு சாயங்காலத்துக்கு ஒரு சாமான், ஒரு பிள்ளை. இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப்போனால் ஒருவருக்கு வாங்குகிற நேரமெல்லாம் இன்னொருவருக்குச் சண்டை போடுகிற நேரம். கிளம்புமுன் வீட்டிலேயே வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிடுவது. அக்னி நட்சத்திர வெயில் இறங்கிய பிறகுதான் வாசல் தாண்டுவது. முதலில் தையல், பள்ளி லிஸ்ட் வந்த பிறகு நோட்டு, கடைசியாக ஷூ, விடுமுறையிலும் கால் வளரும் இல்லையா. வெயிலைக் காட்டிப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள், 2023-இலும் 2024-இலும் தள்ளினார்கள், 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள்.

ஆன்லைனைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் நான் அதில் வாங்கியது பையும் தண்ணீர் பாட்டிலும்தான். அலைச்சலே இல்லை, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு நூறு பையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் ஒரு களைப்புதான். பைக்கு ஒரு வசதி உண்டு, வெறும் பையின் எடையைப் பல இடத்தில் போட்டிருப்பார்கள். 2020-இல் வந்த புத்தகப் பைக் கொள்கைப்படி பையின் மொத்த எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ, அதில் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு என்ன மிச்சம்? ஷூவை ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு இல்லை, அக்கம்பக்கத்தில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

தருமபுரிக்காரர்கள் பெங்களூர் என்று வருகிற இடத்திலெல்லாம் சேலம் என்று போட்டுப் படிக்கலாம். போகவர நூற்றுமுப்பது கிலோமீட்டர் ஆகும், மாற்றப் போகிற கதை அங்கேயும் இதேதான். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூர் இதில் பாதித் தூரம்கூட இல்லை என்பதால் அவர்கள் தாராளமாகப் போகலாம். கல்யாணத் துணியோ வேறு பெரிய வேலையோ இருந்து எப்படியும் பெங்களூர் போகிறீர்கள் என்றால் நோட்டையும் அட்டை போடுகிற தாளையும் அங்கேயே மொத்தமாக எடுத்துவிடுங்கள், ஷூவை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கடையானாலும் பணம் கொடுக்குமுன் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், பில்லும் டப்பாவும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், ஜூன் முதல் வாரக் கூட்டத்தில் அதைக் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.