“மாதிரிக்கு அனுப்புங்கோ” என்றால் அனுப்பாதேங்கோ: பழைய சிங்கர் தோல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

பழைய தோல் தைக்கிற மெஷின் வைத்திருப்பவர்கள், முக்கியமாகச் சிங்கர் 29கே வைத்திருப்பவர்கள், இதை ஒருக்கால் வாசியுங்கள். எனக்குப் போனது 32,500 ரூபாய் காசும், காசு கொடுத்தும் வாங்க ஏலாத ஒரு சாமானும். காசு மட்டும் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

எனக்கு யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு சின்னப் பட்டறை. மோட்டார் சைக்கிள் சீற் கவர், பள்ளிக்கூடப் பை, சப்பாத்துத் திருத்தம், எப்போதாவது ஒரு பெல்ட். தொழிலும் மெஷினும் அப்பா விட்டுப்போனவை. இந்த மெஷினைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் நீட்டிக்கொண்டு ஒல்லியான ஒரு இரும்புக் கை இருக்கும். கீழ்நூல் சுற்றின பொபினும், அதைச் சுமந்துகொண்டு மேல்நூலைப் பிடிக்கிற ஷட்டிலும் அந்தக் கையின் நுனிக்குள். சப்பாத்துக்குள் விரல் பக்கம் வரைக்கும் அந்தக் கை போகும். சாதாரண மெஷினில் கீழே இருக்கிற பல்லுத்தான் துணியைத் தள்ளும். இதில் மேலே இருக்கிற பாதமே தோலைப் பிடித்து இழுக்கும். பாதத்தை முழு வட்டமாகத் திருப்பலாம் என்பதால் எந்தப் பக்கமும் தைக்கலாம், பையைப் போட்டுப் புரட்டத் தேவையில்லை. நூல் கோர்க்கிறதுதான் பெரும்பாடு. மேலிருந்து உள்ளுக்குள்ளால் இறக்க நீளமான மெல்லிய கம்பி ஒன்று வேண்டும். அப்பா அதற்குச் சைக்கிள் பிரேக் கேபிளில் ஒரு இழையை உருவி வைத்திருந்தார். இப்பவும் அதேதான்.

29கேயில் வருகிற ‘கே’ ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். அது 1980இலேயே மூடியாயிற்று. இந்த ஒரு விசயம் முதலே தெரிந்திருந்தால் “புதுசு, கில்போவியிலை இருந்து இப்பதான் இறங்கினது” என்று ஒருவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அப்போது சந்தோசம்தான் வந்தது.

1990இல் கரண்ட் போன பிறகு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தொழில் படுத்துவிட்டது. காலால் மிதிக்கிற இந்த மெஷின் படுக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டை நெருங்கி வலிகாமமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது, இதைத் தூக்கிக்கொண்டு போக ஏலுமா? அப்பா செய்தது ஒன்றுதான். ஷட்டிலைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு கோப்பித்தூள் ரின்னுக்குள் போட்டுக்கொண்டு வந்தார். “ஷட்டில் இல்லாமல் எவன் எடுத்தாலும் அது வெறும் இரும்பு” என்பார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்த காலத்தில், ஆற்றையேன் சாமானோடு கலந்துவிடும் என்று பயந்து, ஷட்டிலின் முதுகில் அரத்தால் மூன்று கோடு போட்டார். நடுக்கோடு கொஞ்சம் சரிந்தது. 1996இல் திரும்பி வந்தபோது கூரை விழுந்துகிடந்தது, மெஷின் அதே இடத்தில் கறள் பிடித்து நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, ரின்னுக்குள் இருந்ததை எடுத்துப் போட்டுத் தைத்தார். அந்த ஷட்டில்தான் இப்போது என்னிடம் இல்லை.

போன வருசம் நடுவில் தையல் விடத் தொடங்கியது. பத்துத் தையலுக்கு ஒன்று, பிறகு ஐந்துக்கு ஒன்று. ஊசி மாற்றினேன், நூல் மாற்றினேன், சரிவரவில்லை. கைச்சில்லை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், சில்லு கொஞ்சத்தூரம் சுற்றுப்பட்ட பிறகுதான் ஷட்டில் அசைகிறது. இடையில் வெறும் ஆட்டம். கைக்குள் ஒரு சின்னப் பற்சில்லு ஷட்டிலை முன்னும் பின்னும் ஆட்டும், அதைப் பல்லு வெட்டின ஒரு சட்டம் இழுத்துத் தள்ளும். அந்தப் பற்கள் தேய்ந்துபோயின. நூலைப் பிடிக்கிற ஷட்டிலின் மூக்கும் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

பட்டினத்தில் கேட்காத கடை இல்லை. கே.கே.எஸ். வீதியில் ஒரு கடையில் வீட்டு மெஷின் பொபினை எடுத்து மேசையில் வைத்து “இதுதானே?” என்றார்கள். கடைசியில் முகநூலில் மெஷினின் படத்தைப் போட்டு “சிங்கர் 29கே பாட்ஸ் தேவை” என்று எழுதினேன். அன்று பின்னேரமே கோல் வந்தது.

கொழும்பிலிருந்து ஒருவர் கதைத்தார். மரியாதையான குரல். “நானும் வடமராட்சிதான் அண்ணை, எங்கட ஆக்களுக்கு எண்டால் லாபம் பாக்கிறேல்லை.” இந்த வசனத்தை யார் சொன்னாலும் பர்சைப் பின் பொக்கெற்றிலிருந்து முன் பொக்கெற்றுக்கு மாற்ற வேண்டும் என்று இப்போது தெரியும். ஷட்டிலும் பற்சில்லும் 24,000, ஊசி இரண்டு பக்கெற் 5,000, ‘ஒரிஜினல் மெனுவல்’ 3,500. வங்கியில் போட்டுவிட்டுச் சிலிப்பைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் என்னிடம் மெஷினின் முழு மொடல் இலக்கத்தைக் கேட்கவே இல்லை. 29கேயில் மட்டும் எத்தனை வகை. கை குட்டையானது, நீளமானது. பொபின் சின்னது, பெரியது. சின்னப் பொபின் மெஷினின் ஷட்டில் பெரியதற்குப் போகாது. விசயம் தெரிந்தவன் முதலில் கேட்பது அதைத்தான்.

அவர் கேட்டது வேறு. “அண்ணை, பிழை வராமல் இருக்க உங்கட பழைய ஷட்டிலை மாதிரிக்கு அனுப்புங்கோ. வைச்சுப் பாத்து அளந்து, புதுசோடை சேத்துத் திருப்பி அனுப்பிவிடுறன்.”

எவ்வளவு நியாயமாகக் கேட்கிறது பாருங்கள். அளந்து அனுப்புகிற மனிசன் என்று நினைத்தேன். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டேன். அதுவும் அதே கோப்பித்தூள் ரின்னோடு.

பன்னிரண்டு நாள் கழித்துப் பார்சல் வந்தது. ரின் இல்லை. பழைய ஷட்டில் இல்லை. பொலித்தீன் பைக்குள் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ஒரு ஷட்டில். பளபளப்பைக் கண்டு ஏமாற வேண்டாம், விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் வார்ப்புப் பிசிர் அப்படியே இருந்தது, பெருவிரல் தோலைக் கிழித்தது. அதே பிசிர் ஒவ்வொரு தையலுக்கும் நூலைக் கிழிக்கும். சிங்கர் செய்த பாகங்களில் ‘சிமான்கோ’ என்ற முத்திரையும் பாக இலக்கமும் அடித்திருக்கும், சிங்கர் கொம்பனியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்த சொல் அது. அப்பாவின் ஷட்டிலில் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. இது கையால் சுற்றுகிற மலிவுச் சீன மெஷினின் சாமான். அளவு பார்க்கிற வேர்ணியரில் பிடித்துப் பார்த்தேன், என் மெஷினுக்கு அரை மில்லிமீற்றருக்குக் கிட்டத் தடிப்புக் கூட. உள்ளே போய் இருக்கவே இல்லை. சீனச் சாமான் எல்லாம் கூடாது என்று சொல்லவரவில்லை. சீனச் சாமான் என்று சொல்லி, அதன் விலைக்குத் தந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

ஊசி இன்னொரு கூத்து. 29கேக்குப் போவது 29×3 என்ற வகை. பக்கெற்றிலும் அப்படித்தான் ஸ்ரிக்கர். நகத்தால் உரித்தேன், கீழே 135×17 என்று அச்சு. அது வேறு மெஷின்களுக்கானது, நல்ல ஊசிதான், எனக்கு உதவாது. பழைய ஊசி ஒன்றை எறியாமல் வைத்திருங்கள். புதியதைப் பக்கத்தில் வைத்தால் நீளமும் கண் இருக்கிற இடமும் சொல்லிவிடும்.

மெனுவல் என்று வந்தது போட்டோக்கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் மேல் விளிம்பு வெட்டியிருந்தது, மொடல் இலக்கம் அச்சடித்திருக்கிற இடம் அதுதான். படத்தில் இருந்தது என் மெஷினே இல்லை. இதற்கு 3,500. பிறகுதான் தெரிந்தது, சிங்கரின் பழைய கையேடுகள் பலவற்றை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகம் ஸ்கேன் செய்து சும்மா எடுக்கும்படி வைத்திருக்கிறது. பழைய மெஷின் சேகரிப்பவர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்றிருக்கிறது, இஸ்மாக்ஸ் என்பார்கள். மெஷினில் அடித்திருக்கிற தொடர் இலக்கத்தை வைத்து எந்த ஆண்டு என்று பார்க்கும் பட்டியல் அவர்களிடம் உண்டு. இன்னொன்று: கையேடு என்றால் இரண்டு. ஒன்று நூல் கோர்ப்பது, எண்ணெய் விடுவது பற்றியது. மற்றது பாகப் பட்டியல், ஒவ்வொரு ஆணிக்கும் படமும் இலக்கமும் இருக்கும். சாமான் தேடுபவனுக்கு வேண்டியது இரண்டாவது. அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால் ஏமாற்றுகிறவனுக்கு வாய் அடைக்கும்.

என்னுடைய மடத்தனத்தையும் சொல்லவேண்டும். பற்சில்லோடு ஒரு ஆணியும் வந்தது. பழையது நல்லாத்தான் இருந்தது, புதியது வந்திருக்கிறதே என்று அதைப் போட்டேன். இரண்டு சுற்றுப் போய் இறுகியது. இறுக்கம் நல்லதுதானே என்று இன்னும் திருப்பினேன். சிங்கரின் ஆணிப் புரி அவர்களுக்கென்றே வெட்டினது, இரும்புக் கடையில் விற்கிற மில்லிமீற்றர் ஆணி எதுவும் அதற்குப் பொருந்தாது. கொட்டு என்று ஒரு சத்தம். அறுபது எழுபது வருசம் நின்ற புரி என் கையால் போயிற்று.

அவருக்குக் கோல் எடுத்தேன். “அண்ணை, உங்கட பழசு தேஞ்சு போனது, அதை எறிஞ்சிட்டம். புதுசு பழக நாள் எடுக்கும், ஓடவிடுங்கோ.” மெஷினுக்குள் போகாத சாமானை எப்படி ஓடவிடுவது? படம் அனுப்பினேன், பார்த்தார், பதில் இல்லை. அடுத்தநாள் அவருடைய புரொபைல் படமே எனக்குத் தெரியவில்லை. பாவனையாளர் முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, ரசீது இருப்பவர்கள் அழையுங்கள். என்னிடம் இருந்தது வங்கிச் சிலிப் மட்டும். அதில் ‘பாட்ஸ்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன், எந்தப் பாட்ஸ் என்று எழுதவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் லேத் வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம் மெஷினைக் கொண்டுபோனேன். எழுபது வயதுக்கு மேல். போன புரியைத் துளைத்து, உள்ளே புஷ் என்கிற இரும்பு வளையத்தை அடித்து, பழைய ஆணியையே அளவாக வைத்துப் புரி வெட்டித் தந்தார். ஒரு நாள் முழுக்க மினக்கெட்டதற்கு அவர் எடுத்த காசைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய ஷட்டிலைப் பற்றிச் சொன்னபோது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மூக்கு உடைஞ்சு போச்சோ?”

“இல்லை ஐயா, மழுங்கல்.”

“மழுங்கலுக்கே குடுத்தனி? எண்ணெய்க் கல்லிலை நாலு தரம் தீட்டியிருந்தால் இன்னும் இருவது வருசம் ஓடியிருக்குமே தம்பி. தேஞ்சது பற்சில்லு. அதை மட்டும் மாத்தியிருக்கலாம்.”

அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சென்னையில் இருக்கிற மச்சான் பெரியமேட்டில் தேடிப் பிடித்தான். தோலும் தோல் சாமானும் விற்கிற இடம் அது. இந்தமுறை முழு மொடல் இலக்கம், பாகப் பட்டியலில் உள்ள இலக்கம், கையின் நுனியை வேர்ணியரோடு வைத்து எடுத்த படம், எல்லாம் அனுப்பினேன். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே “சின்னப் பொபினா, பெரிய பொபினா?” என்பதுதான். பலாலிக்கு வருகிற பிளேனில் தெரிந்த ஒருவரின் கைப்பையில் சாமான் வந்தது. அதுவும் நகல்தான், நகல் என்று சொல்லித்தான் விற்றார்கள். விளிம்பைக் கொஞ்சம் தீட்டிப் போட்டேன், தைக்கிறது. தடித்த இடத்தில் எப்போதாவது ஒரு தையல் விடும்.

போன மாதம் விற்பனைப் பக்கம் ஒன்றில் ஒரு படம். “ஒரிஜினல் சிங்கர் 29கே ஷட்டில், கில்போவி தயாரிப்பு, 18,000.” படத்தைப் பெரிதாக்கினேன். முதுகில் மூன்று கோடு, நடுக்கோடு சரிவு. பின்னால் மங்கலாக ஒரு கோப்பித்தூள் ரின்.

தங்கச்சியின் போனிலிருந்து எடுத்தேன். அதே குரல். காசு பிரச்சினை இல்லை, இன்றைக்கே போடுகிறேன், பஸ்ஸில் போட்டுவிடுங்கள் என்றேன். “எங்கை இருந்து அண்ணை கதைக்கிறியள்?” யாழ்ப்பாணம் என்றேன். “அட, நானும் வடமராட்சிதான். ஒண்டு செய்யுங்கோ, பிழை வராமல் இருக்க உங்கட பழசை மாதிரிக்கு…”

குரல் நடுங்கிவிட்டது, தூசணத்தால் ஏசிவிட்டேன். அவர் வைத்துவிட்டார். அன்றிரவே விளம்பரமும் போயிற்று. பேசாமல் இருந்து 18,000ஐப் போட்டிருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

இப்போது அது ஆரோ ஒருவரின் மெஷினுக்குள் இருக்கலாம். வாங்கினவரில் பிழை இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். சின்னப் பொபின் ஷட்டில், சிமான்கோ முத்திரை, முதுகில் அரத்தால் போட்ட மூன்று கோடு, நடுக்கோடு வலப்பக்கம் சரிவு. கண்டால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கொடுத்த விலையைத் தருகிறேன், பெரியமேட்டுச் சாமானையும் சேர்த்துத் தருகிறேன். ரின் இருந்தால் அதையும் கொண்டுவாங்கோ.