ஜிப்ஸி எஞ்சினில் இலகுவான உட்பாகங்கள்: நான்கு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரியில் நான் ஓட்டிவரும் மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினில் ஃபோர்ஜ்டு (அடித்து அழுத்தி வடித்த) இலகுவான பிஸ்டன்களையும், 4340 என்ற வலுவான எஃகில் செய்த, 'H' வடிவக் குறுக்குவெட்டுள்ள ஹெச்-பீம் கனெக்டிங் ராடுகளையும் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டுகள்) பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டர்போ கிடையாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றி, எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை அஞ்சாமல் ஏற வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையைத் தொடங்கினேன்.

இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 75.5 மில்லிமீட்டர். 7,000 சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் கணத்தில், அதிலுள்ள ஒவ்வொரு கிராமும் இரண்டரை கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு ராடை இழுக்கிறது. சுற்று இரு மடங்கானால் இந்த இழுவை நான்கு மடங்காகும். புகை வெளியேறி முடியும் நேரத்தில் பிஸ்டனை மேலிருந்து அழுத்த எரிந்த வாயுவின் அழுத்தம் எதுவும் இல்லாததால், இழுவை முழுவதையும் ராடும் அதன் போல்ட்டுகளுமே தாங்குகின்றன. ஆகவே எடையைக் குறைக்க முதலில் பார்க்க வேண்டியவை பிஸ்டனும், அதை ராடோடு இணைக்கும் ஊசியான 'பிஸ்டன் பின்'னும்தான். ராடின் வலுவில் கை வைத்து எடையைக் குறைக்கக் கூடாது.

முதலில் நான் வாங்கியவை 2618 அலுமினியக் கலவைப் பிஸ்டன்கள். சிலிக்கான் மிகக் குறைவாக இருப்பதால் இக்கலவை அடியைத் தாங்கும், எளிதில் விரிசல் விடாது. ஆனால் சூட்டில் அதிகம் விரிவதால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே 0.07 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டியிருந்தது. தளிப் பக்கம் மார்கழி விடியற்காலையில் வண்டியை எடுத்தால், எஞ்சின் சூடாகும் வரை பிஸ்டன் சுவரில் தட்டும் ஓசை தெளிவாகக் கேட்கும். ஓராண்டில் ஆயில் செலவும் கூடியது. பிறகு, சுமார் 12 விழுக்காடு சிலிக்கான் கொண்ட 4032 கலவைப் பிஸ்டன்களுக்கு மாறி, இடைவெளியை 0.045 ஆக வைத்தேன். தட்டல் நின்றது. டர்போ இல்லாமல் அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு 4032 போதும் என்பதே என் உறுதியான கருத்து. டைட்டேனியம் ராடுகளைப் பற்றி நானும் விசாரித்தேன். இந்தப் பயன்பாட்டுக்கு அந்த விலை சற்றும் நியாயமில்லை.

விளம்பரத்தில் சொல்லும் எடையை விட, நான்கும் ஒரே எடையில் இருக்கின்றனவா என்பதே முக்கியம். பெட்டியிலிருந்து எடுத்த புதிய பிஸ்டன்களை நகைக்கடை நண்பரின் தராசில் வைத்தபோது, மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் மூன்று கிராம் வேறுபாடு இருந்தது. ராடுகளின் ஒரு முனையை நூலில் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் இருத்தி, இரு முனைகளையும் தனித்தனியே நிறுத்தோம். பிறகு மிக இலேசானதன் அளவுக்கு மற்றவற்றை லேத் பட்டறையில் சுரண்டி, அரை கிராமுக்குள் கொண்டுவந்தோம். இரண்டு நாள் பிடித்த இந்த வேலையால்தான் 5,000 சுற்றுக்கு மேல் ஸ்டியரிங்கில் வரும் நடுக்கம் மறைந்தது என்று நம்புகிறேன்.

பெரிய இழப்பு ஒரு சிறு கவனக்குறைவால் வந்தது. முதல் முறை பொருத்திய பட்டறையில், ராட் போல்ட்டுகளுக்கென்று உடன் வந்த கிரீஸைத் தடவாமல் உலர்ந்த மரையிலேயே டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) முறுக்கியிருக்கிறார்கள். முறுக்கு விசையின் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிட, போல்ட் தேவையான அளவுக்கு நீளவில்லை; பிடிப்பு குறைந்தது. 4,000 கிலோமீட்டரில் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கீழிருந்து 'டொக் டொக்' என்று கேட்டது. உடனே ஓரங்கட்டி நிறுத்தி, வண்டியை ஏற்றிவந்தோம். ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் பேரிங் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க் ஷாஃப்டையும் கடைய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை, முறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வைத்துக்கொண்டேன். அதன்பின் அந்த இடத்தில் தொல்லையில்லை.

கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலையும் சேர்த்து இலேசாக்கியது மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை. அஞ்செட்டிக் காட்டுச் சாலையில், குறைந்த சுற்றில் மெல்ல ஏறும் இடங்களில் எஞ்சின் அடிக்கடி அணைந்துவிடுகிறது. அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது பழைய ஃபிளைவீலையே திரும்பப் போடுவதாக இருக்கிறேன்.