ஆஸ்டெக் எழுத்தில் உலவும் விலங்குகள்: ஓர் இலவச இணைய அகராதி

பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். நாலைந்து கோட்டில் ஒரு விலங்கைப் பிடித்துவிடும் கை எந்த நாட்டில் இருந்தாலும் தேடிப்போய்ப் பார்ப்பேன். அப்படிச் சிக்கியதுதான் ‘ஆஸ்டெக் ஹைரோகிளிஃப்களின் காட்சி அகராதி’. பழைய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்களின் பட எழுத்துகளைத்தான் ஹைரோகிளிஃப் என்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி வுட் தொகுப்பில் 2020 முதல் வளர்ந்து வருகிறது. காசு கிடையாது.

அந்த மக்கள் பேசிய நாவாத்ல் மொழியின் சுவடிகளிலிருந்து, முக்கியமாக 1541 வாக்கில் எழுதப்பட்ட மெண்டோசா சுவடியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த ஏடு, என்ன பொருள், எப்படி வரைந்திருக்கிறது என்று கூடவே விளக்கம்.

இட்ஸ்கோவாத்ல் என்ற அரசரின் பெயரைத் திறந்து பாருங்கள். ஒரு பாம்பு, முதுகு நெடுக எரிமலைக் கண்ணாடிக் கத்தி முனைகள் குத்திட்டு நிற்கின்றன. ‘இட்ஸ்’ அந்தக் கண்ணாடிக் கல், ‘கோவாத்ல்’ பாம்பு. ஆளின் முழுப்பெயரும் ஒரே உடம்பில் வந்துவிட்டது! அவர் 1428இல் வென்ற அஸ்கபோட்ஸால்கோ என்ற ஊரும் மெண்டோசா சுவடியின் அதே ஏட்டில் இருக்கிறது: பொடிக்கற்கள் சூழ ஓர் எறும்பு. எறும்புப் புற்று ஊர் என்று படிக்க வேண்டும்.

அப்புறம் அவிட்ஸோத்ல், 1486 முதல் 1502 வரை ஆண்ட அரசர். நீரில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட ஒரு நாலுகால் பிராணியின் பெயர் அது. அதன் முதுகோடு ஒரு நீரோட்டம் வரைந்திருக்கிறார்கள். அழகுக்காக என்றுதான் யாரும் நினைப்போம். நீருக்கு நாவாத்லில் ‘ஆத்ல்’. பெயரின் முதல் ஒலி ‘அ’ என்று அந்த நீர் வாசகனுக்குத் துப்புக் கொடுக்கிறது. இந்த மாதிரி விளக்கங்களுக்காகவே தளத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். படம் பார்ப்பதோடு நிற்காமல் படிக்கவும் கற்றுத் தருகிறது.

ஆஸ்டெக் நாட்காட்டியில் நாட்களைக் குறிக்கும் இருபது குறிகளில் பத்து விலங்குகளே: முதலை, பல்லி, பாம்பு, மான், முயல், நாய், குரங்கு, ஜாகுவார் (சிறுத்தை போன்ற அமெரிக்கப் பெரும்பூனை), கழுகு, பிணந்தின்னிக் கழுகு. மாணவர்களுக்கு இவற்றில் தொடங்கலாம்.

விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் சிறுவர்களைத் தனியே விட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தனி எழுத்தை இங்கே பார்த்த கையோடு, மெக்சிகோவின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் இலவசமாகத் தரும் மெண்டோசா மின்பதிப்பில் முழு ஏட்டையும் புரட்டிவிடுங்கள். மூலச் சுவடி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. செல்பேசியைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது. பெரிதாக்கினால்தான் பாம்பின் வயிற்று வரிகளும் கத்தி முனைகளும் தெளிவாகத் தெரியும்.