மண்மட்டத்தில் மோசடி: 38,000 ரூபாய் போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

வெளியாட்களைப் பிடித்துத் தரும் இணையதளங்கள் வழியாகக் கணினியில் கட்டடத்தின் முப்பரிமாண மாடல் செய்யும் வேலையைக் கொடுக்க நினைக்கும் பொறியாளர்கள், குறிப்பாக மேடும் பள்ளமுமான நம் கொங்குப் பகுதியில் வேலை செய்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 38,000 ரூபாய் பறிபோன ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சென்னிமலைக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறமாக, ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் ஒரு வீடு கட்டுகிறோம். சாலையோரம் மேடு, பின்புறம் ஓடையை நோக்கிச் சரிவு. நடுவில் கல் அடுக்கிய பழைய வரப்பு ஒன்றில் நிலம் இடுப்பளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. சர்வேயர் தூரத்தையும் உயரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து அளந்து, சாலையோரச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் குறியிட்டு, அதையே 100.000 மீட்டர் டிபிஎம் (மற்ற உயரங்களை ஒப்பிட்டு அளப்பதற்கான தற்காலிக ஆதாரக் குறி) ஆக வைத்து எல்லா மட்டங்களையும் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கில் வீட்டின் தரைத்தளம் 100.450 மீட்டரில் அமைய வேண்டும். கட்டட மாடல், ரெவிட் என்ற மென்பொருளில் என்னிடம் தயாராகவே இருந்தது. சர்வே வரைபடத்தைக் கொண்டு நிலத்தை உருவாக்கி, வீட்டை அதன்மேல் சரியான உயரத்தில் பொருத்தி, எங்கே எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எங்கே எவ்வளவு நிரப்ப வேண்டும் என்ற கணக்கை எடுத்துத் தருவதுதான் அப்படியொரு இணையதளம் வழியாக நான் பிடித்த ஆட்களுடைய வேலை.

அவர்கள் சார்பில் வீடியோ அழைப்பில் வந்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். "சார், சர்வே பாயின்ட்டையும் ப்ராஜெக்ட் பேஸ் பாயின்ட்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் மட்டம் தப்பிப்போகிறது. நான் உங்கள் டிபிஎம்மை வைத்தே சர்வே பாயின்ட்டை அமைத்து, லெவல்கள் எல்லாம் அதிலிருந்தே உயரம் காட்டும்படி செய்து தருகிறேன்" என்றார். ரெவிட்டில் சர்வே பாயின்ட் என்பது வெளியில் எடுத்த அளவைக்கான ஆதாரப் புள்ளி, ப்ராஜெக்ட் பேஸ் பாயின்ட் என்பது கட்டட மாடலின் சொந்தத் தொடக்கப் புள்ளி. கேட்காமலேயே சரியான இடத்தைத் தொட்டுப் பேசிய ஒருவரை எந்தப் பொறியாளர்தான் நம்பமாட்டார்? முழுத்தொகையான 38,000 ரூபாயை இணையதளத்தின் பொறுப்பில் செலுத்தினேன். வேலை முடிந்ததாகச் சொன்ன அன்று திரையில் மாடலைச் சுழற்றிக் காட்டினார், குறுக்குவெட்டும் காட்டினார். பேஸ்மட்டம் மண்ணில் அழகாக உட்கார்ந்திருந்தது. ஆனால் வேலையை ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்தினால்தான் மூல ஃபைல் இறங்கும் என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு.

பொத்தானை அழுத்தி, ஃபைலைத் திறந்து, பாலத்தில் டிபிஎம் குறியிட்ட மூலையில் ஸ்பாட் எலிவேஷன் (ஒரு புள்ளியின் உயரத்தைக் காட்டும் குறி) வைத்துப் பார்த்தேன். 100.000 என்று காட்ட வேண்டிய இடம் 0.612 என்று காட்டியது. சர்வே பாயின்ட்டை யாரும் தொடவே இல்லை. அதைவிடக் கொடுமை, நிலப்பரப்பைத் திருத்தும் நிலைக்குக் கொண்டுவந்தபோது தெரிந்தது. டோட்டல் ஸ்டேஷனில் எடுத்த புள்ளிகள் வரப்போரத்தில் நெருக்கமாகவும் சமதளத்தில் விலகியும் சிதறிக் கிடக்க வேண்டும். இவர்கள் தந்ததிலோ ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளியில் பயிர் நட்டதுபோல நேர் வரிசைகள். அதாவது எங்கள் சர்வேயைக் குப்பையில் போட்டுவிட்டு, விண்வெளியிலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை இறக்கி, வீட்டுக்கு அடியில் கண்மதிப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள். எண்டெவர் விண்கலம் 2000 பிப்ரவரியில் எடுத்த அத்தகைய தரவுக்கு உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதே அதன் அதிகாரபூர்வ வரையறை. உலகத்தின் மலைகளைப் பார்க்க அது போதும், ஒரு தோட்டத்து வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போதுமா? வரப்பே மாடலில் இல்லை. ஓடைப்பக்கம் 40 சென்டிமீட்டர் நிரப்பினால் போதும் என்று அவர்கள் கணக்குச் சொன்ன இடத்தில், மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவல் வைத்துப் பார்த்தபோது 1.60 மீட்டர் நிரப்ப வேண்டியிருந்தது.

கேட்டதும் வந்த பதில்களை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. ரெவிட் 2024 முதல் நிலத்தை உருவாக்க டோப்போசர்ஃபேஸ் என்ற வகைக்குப் பதில் டோப்போசாலிட் என்ற வகை வந்துவிட்டதால் அப்படித்தான் தெரியும் என்றார் முதலில். நிலத்தின் வகை மாறினால் டிபிஎம்மின் உயரம் ஏன் மாற வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலில்லை. பிறகு, ஜிபிஎஸ் உயரமும் கடல்மட்ட உயரமும் வேறுபடும் என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். வேறுபடும்தான், தென்னிந்தியாவில் அது ஏறத்தாழ 90 மீட்டர். ஆனால் ஒன்றரை ஏக்கருக்குள் அந்த வேறுபாடு எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். முழு நிலத்தையும் சேர்த்து ஏற்றும், இறக்கும். ஒரு வரப்பை மட்டும் அழித்துவிடாது. அதன்பின் அவர் பதிலளிப்பதையே நிறுத்திவிட்டார். இணையதளத்தின் உதவிப் பிரிவோ, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு 38,000 ரூபாயைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்ற ஒரே பதிலை ஆள் மாற்றி ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுழலும் படத்தை நம்பாதீர்கள். அழைப்பிலேயே உங்கள் டிபிஎம் புள்ளியில் ஸ்பாட் எலிவேஷன் வைக்கச் சொல்லுங்கள், நிலத்தின் புள்ளிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சர்வேயில் உள்ள ஏதாவது இரண்டு புள்ளிகளின் மட்டத்தைக் கேளுங்கள். தொகையைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். ஃபைல் கைக்கு வந்து, திறந்து, சர்வேயோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஏற்றுக்கொண்டதாக எதையும் அழுத்தாதீர்கள். அதற்கு உடன்படாத தளத்துக்கு வேலையே கொடுக்காதீர்கள்.